மார்க் போட அவர்கள் யார்?

கேள்வி: அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் ஆள்கடத்தல் அறிக்கை என்று ஒன்றை வெளியிட்டு உலக நாடுகளைத் தரம் பிரிக்கிறது. தனக்கு முதல் நிலை, இந்தியாவுக்கு வருடா வருடம் இரண்டாம் நிலை! நமக்கு மார்க் போட இவர்கள் யார்? நம் பத்திரிகைகளும் இதைப் பெரிய செய்தியாகப் போடுவது அடிமைப் புத்தி இல்லையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் அந்தப் பாதி.

அமெரிக்க நாடாளுமன்றம் 2000-ல் போட்ட சட்டத்தின்படி 2001 முதல் இந்த அறிக்கை வருகிறது. நிலை ஒன்று, இரண்டு, இரண்டிலேயே 'கண்காணிப்புப் பட்டியல்', கடைசியாக மூன்று. மூன்றாம் நிலைக்குப் போன நாட்டுக்குச் சில உதவிகளை நிறுத்தலாம். உலக வங்கியில் அது கடன் கேட்டால் அமெரிக்கா எதிர்த்து ஓட்டுப் போடலாம். அதிபர் மனசு வைத்தால் இதிலிருந்து விலக்கும் தரலாம். மனசு எப்போது வைப்பார்கள் என்பதற்கு மலேசியாவின் கதை போதும்.

2014-ல் மலேசியா மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. 2015 மே மாதம், தாய்லாந்து எல்லையை ஒட்டிய வாங் கெலியான் காட்டில் கடத்தல்காரர்களின் முகாம்கள் 28-ம், அவற்றைச் சுற்றி 139 புதைகுழிகளும் கிடைத்ததாக மலேசியப் போலீஸே அறிவித்தது. ரோஹிங்கியாக்களையும் வங்கதேசத்தவரையும் அடைத்து வைத்துப் பணம் கறந்த இடங்கள் அவை. இரண்டே மாதம் கழித்து, ஜூலையில் அறிக்கை வந்தது. மலேசியா ஒரு படி மேலே! அதற்கு முந்தைய அறிக்கையில் ஒன்பதாக இருந்த தண்டனைத் தீர்ப்புகள் இந்த அறிக்கையில் மூன்றாகக் குறைந்திருந்தன. பிறகு எதற்குப் பதவி உயர்வு? அமெரிக்கா அப்போது பேசிக்கொண்டிருந்த பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தில் மலேசியாவும் ஒரு கை. மூன்றாம் நிலை நாட்டோடு செய்யும் ஒப்பந்தத்தை அவசர வழியில் நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் ஜூன் மாதம்தான் ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அமெரிக்க அரசாங்கம் மறுத்தது. ஆனால் அந்த ஆண்டு 17 நாடுகளின் தரத்தில் கடத்தல் பிரிவின் ஆய்வாளர்களுக்கும் ராஜதந்திரிகளுக்கும் தகராறு வந்ததாகவும், ஆய்வாளர்களின் பேச்சு மூன்றில்தான் எடுபட்டதாகவும் ராய்ட்டர்ஸ் எழுதியது.

தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க்குக்கும் வருவோம். 2010 முதல் அமெரிக்கா தன் பெயரையும் பட்டியலில் சேர்த்து, முதல் நிலையில் உட்கார்ந்திருக்கிறது. 2005-ல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பிறகு, இங்கிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் கப்பல் தளங்களுக்கு அழைத்துப் போனது. கிரீன் கார்டு கிடைக்கும் என்ற பேச்சை நம்பி, ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கு 10,000 டாலரும் அதற்கு மேலும் கட்டிப் போனவர்கள் அவர்கள். கிடைத்தது தற்காலிக விசாவும், நெருக்கியடித்த கொட்டகையில் ஒரு படுக்கையும். அந்தப் படுக்கைக்கும் சம்பளத்தில் பிடித்தம். 2015-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி ஐந்து தொழிலாளர்களுக்கு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. ஏழு வருட வழக்கு அது. பட்டியலில் ஏறிய நாளிலிருந்து அமெரிக்கா நல்ல பிள்ளைதான்.

சரி, வாத்தியார் யோக்கியமில்லை. அதனால் நம் விடைத்தாளில் நூறு மார்க் விழுந்துவிடுமா?

2004 முதல் 2010 வரை இந்தியா கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. 2011-ல் இரண்டாம் நிலைக்கு ஏறியது. அந்த நாட்களில்தான் மாவட்டங்களில் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகள் வந்தன, ஐ.நா.வின் ஆள்கடத்தல் உடன்பாட்டையும் 2011-ல்தான் நாம் ஏற்றோம். அப்புறம் அங்கேயே நிற்கிறோம். கடனைக் காட்டிக் கட்டாய வேலை வாங்குவதும் இந்த அறிக்கையின் கணக்கில் ஆள்கடத்தல்தான். ஒவ்வொரு அறிக்கையும் இந்தியாவைப் பற்றிச் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றேதான்: கொத்தடிமைகளாக மீட்கப்படுவோரில் பலருக்கு, கொத்தடிமை நிலையிலிருந்து மீண்டவர் என்று அரசு எழுதித் தரும் விடுதலைச் சான்று தருவதில்லை, போலீஸ் வழக்குப் பதிவதில்லை, பதிந்த வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். இதில் எதையாவது பொய் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் சூளைகளில் இருளர் குடும்பங்கள் உண்டு. ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் உண்டு. மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டி வருகிறார். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் சேர்ந்து கல் அறுக்கிறார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. வாரப்படி மட்டும் கைக்கு வரும். மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த நஷ்டமும் அவர்கள் தலையில். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் முன்பணம் அப்படியே நிற்கும்.

விசாரிக்க ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், வருகிறார். "அடைத்து வைத்திருந்தார்களா? அடித்தார்களா?" என்று கேட்கிறார். "இல்லைங்க, முன்பணம் வாங்கியிருக்கோம்" என்று பதில் வந்தால் பல இடங்களில் கோப்பு அதோடு முடிந்தது. அது கூலித் தகராறு என்று தொழிலாளர் துறைக்குப் போய்விடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குச் சங்கிலியும் பூட்டும் தேவையில்லை, முன்பணம் காட்டிக் கட்டிப்போட்டாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே அது அரசியல் சட்டம் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று, 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி எழுதிவிட்டார். நாற்பது வருடம் ஆகியும் அந்தத் தீர்ப்பு பல தாலுகா ஆபீஸ்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

சான்று கிடைத்தவர் நிலையாவது நன்றாக இருக்கிறதா? மத்திய அரசின் 2016-ம் ஆண்டுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உடனே கைக்கு வருவது அதிகபட்சம் 30,000. மீதிப் பணத்தைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சூளை முதலாளி வாய்தா வாங்கி வாங்கி இழுத்தால், பட்டினி கிடப்பது மீட்கப்பட்டவர். அடுத்த சீசனில் அதே மேஸ்திரி முன்பணத்தோடு வாசலில் வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது?

அமெரிக்க அறிக்கை மீதான என் பெரிய புகார் இதுதான். வழக்கு எத்தனை, தண்டனை எத்தனை, போலீஸாருக்குப் பயிற்சி வகுப்பு எத்தனை என்று அரசாங்கத்தின் முயற்சியைத்தான் அது அதிகம் எண்ணுகிறது. மீட்கப்பட்டவர் இரண்டு வருடம் கழித்து எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. நம் அரசுகளும் மீட்பு நடந்த அன்று புகைப்படம் எடுப்பதோடு சரி.

2016-ல் மத்திய அரசு, 2030-க்குள் 1.84 கோடி கொத்தடிமைகளை மீட்போம் என்று இலக்கு அறிவித்தது. 1978 முதல் இன்றுவரை அரசுக் கணக்கில் மீட்கப்பட்டவர்கள் 3 லட்சத்துச் சொச்சம். இந்த இரண்டு எண்ணையும் தந்தது வாஷிங்டன் இல்லை, டெல்லி.

சட்டத்தின் வார்த்தைகளிலும் இதே கூத்து. இந்திய தண்டனைச் சட்டத்தைத் திருத்திய 2013 பிப்ரவரி அவசரச் சட்டத்தில், ஆள்கடத்தல் பிரிவின் 'சுரண்டல்' விளக்கத்தில் கட்டாய உழைப்பும் இருந்தது. ஏப்ரலில் சட்டமாக வந்தபோது அதைக் காணோம். தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில் பிச்சை எடுக்க வைப்பதைச் சேர்த்தவர்கள், கட்டாய உழைப்பை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. இதற்கும் அமெரிக்காவையா திட்டுவீர்கள்?

அந்நியர் மார்க் போடுவது பிடிக்கவில்லை என்றால் நீங்களே போடுங்கள். உங்கள் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை விடுதலைச் சான்று கொடுத்தீர்கள்? அதில் முழுத் தொகை எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? 1976 சட்டப்படி இருக்க வேண்டிய கண்காணிப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது? கொத்தடிமைக் கணக்கெடுப்புக்கு மத்திய அரசு மாவட்டத்துக்கு 4.5 லட்சம் தரும் திட்டம் இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கினீர்களா? இந்த நாலு கேள்வி போதும். பதில் வந்தால் ஒரு நகல் நமக்கும் அனுப்புங்கள், அப்படியே அச்சில் போடுகிறோம்.