அந்த மெரூன் நிறம் பற்றி

அன்புள்ள அண்ணா,

மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபி பக்கம் ஒரு கிராமம். வயது 27. என் தாத்தாவின் 1969 மாடல் ஜாவா மோட்டார் சைக்கிள் பதினெட்டு வருடமாக மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. போன பொங்கலுக்கு வெளியே இழுத்தோம். நான் கை வைக்கும் முதல் பழைய வண்டி இது. மைசூர் பேக்டரியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை. முழுக்கப் பிரித்து, சேஸிஸை பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பப்போகிறேன். ஹெட்லைட் மேல் தாத்தா மஞ்சள் பெயிண்டில் 'பண்ணாரி அம்மன் துணை' என்று எழுதி வைத்திருக்கிறார், அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். என் கேள்வி, அந்தக் காலத்து ஜாவாவின் சரியான மெரூன் எது? பெயிண்ட் கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 6 வோல்ட்டை 12 ஆக்கலாமா? ஆட்டோ கிளட்ச் தொல்லை, எடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? ஆர்.சி. 2004-லேயே முடிந்துவிட்டது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் பாதி வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. 'சுரண்டி எடுக்க வேண்டும்' என்ற இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். காபி குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். கோபம் போகவில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். 12 வோல்ட் வேண்டுமா, மாற்றிக்கொள்ளுங்கள். 6 வோல்ட் ஹெட்லைட்டில் ராத்திரி ஓட்டுவதும் அகல்விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் ஒன்று. ஆர்.சி. விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 'வின்டேஜ் பதிவு வாங்கிவிடு, கௌரவம்' என்று யாராவது சொல்வார்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு அது உண்டு. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். உங்களுக்குச் சந்தைக்குப் போக வண்டி வேண்டுமென்றால் பழைய ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற வழியில் போங்கள். தாத்தா பெயரிலிருந்து மாற்ற வாரிசுச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள்.

இனி ஆட்டோ கிளட்ச். அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா தாளவாடியில் வாத்தியார். வீடு சத்தியமங்கலத்தில். திங்கள் விடியற்காலை திம்பம் மலைப்பாதை ஏறுவார், சனிக்கிழமை மத்தியானம் இறங்குவார். எங்களிடம் இருந்தது 1966 மாடல் ஜாவா, இரண்டாம் கையாக வாங்கியது. பள்ளி விடுமுறையில் என்னையும் மேலே கூட்டிப்போவார். திரும்பும்போது டேங்க் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்கார வைப்பார். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். அவருடைய இடது கை என் வயிற்றைச் சுற்றி இருக்கும்.

பிற்பாடு நானே ஓட்டக் கற்றபோதுதான் உறைத்தது. இடது கை கிளட்சில் அல்லவா இருக்க வேண்டும்? ஜாவாவில் தேவையில்லை. கியர் லீவரைக் காலால் அழுத்தும்போதே உள்ளே கிளட்சும் விடுபட்டுவிடும். அதே லீவரை உள்ளே தள்ளிப் பின்பக்கமாகத் திருப்பினால் கிக்கர். அந்த ஒரு இரும்புத் தண்டுக்கு இரண்டு வேலை, அப்பாவின் இடது கைக்கு வேலையே இல்லை. அதனால்தான் நான் விழவில்லை. உங்கள் மெக்கானிக் 'தொல்லை' என்கிறாரே, அது இதைத்தான். சரியாக அட்ஜஸ்ட் செய்யத் தெரியாதவர்கள் எடுத்துவிடச் சொல்வார்கள். தெரிந்த ஆளைத் தேடுங்கள். கோவை, ஈரோடு பக்கம் நாற்பது வருடமாக இதே வண்டியைப் பார்க்கிற பெரியவர்கள் இன்னும் பட்டறை வைத்திருக்கிறார்கள்.

இறக்கத்தில் அப்பா இன்னொன்றும் செய்வார். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை என் வயிற்றிலிருந்து கையை எடுத்துக் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவார். வண்டி உறுமும். உடனே கை திரும்பி வந்துவிடும். மலையடிவாரத்தில் பண்ணாரி அம்மன் கோயில் இருக்கிறதல்லவா, அவர் மலை மேலிருந்தே அம்மனுக்குக் குரல் கொடுக்கிறார் என்று நான் நம்பினேன். என் கூட்டாளிகளிடம் அப்படித்தான் சொன்னேன். ஒருவனும் சந்தேகப்படவில்லை.

1993-ல் நான் தனியாக அதே மலையில் இறங்கினேன். ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரிலேயே வண்டியை இறக்கத்துக்கு விட்டேன். ஏதோ ஒரு வளைவில் பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் விழுந்தேன். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு எண்ணெய் தனியாகப் போவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும், கூடவே எண்ணெயும் குறையும். சக்கரமோ இன்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அப்பாவின் முறுக்கு அதற்குத்தான். முழங்கையில் ரத்தத்தோடு அந்தச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தபோது, அம்மனுக்குக் குரல் கொடுத்த கதை நினைவு வந்து சிரித்துவிட்டேன். கீழே போகிற லாரிக்காரர் ஒருவர் 'தலையில் அடிபட்டதா?' என்று நிறுத்திக் கேட்டார்.

சரி. உங்கள் வண்டி.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முழுக்கப் பிரிக்காதீர்கள். பிரித்த வண்டிகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? சாக்குப்பையில். இந்த ஊரில் மட்டும் நான்கு சாக்குப்பை ஜாவாக்கள் எனக்குத் தெரியும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் சரிபாதியாகக் கொஞ்சம் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக உருட்டிப் பாருங்கள். கிக்கரை மிதிக்க வேண்டாம், ஒட்டியிருந்தால் எதையாவது உடைப்பீர்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்குக்குள் ஒரு முழம் பழைய சைக்கிள் செயினையும் டீசலையும் போட்டுக் கை வலிக்கக் குலுக்கினால் உள்துரு வந்துவிடும். கார்புரேட்டரின் சின்ன ஜெட் அடைத்திருக்கும். பாயிண்டை, அதாவது பிளக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் தொடுமுனையை, தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் ஆயில். டயர், டியூப், பிரேக் ஷூ மூன்றும் புதிது, அதில் பேரமே கிடையாது.

ஸ்டார்ட் ஆகி வெள்ளைப் புகையாகக் கக்கினால் 'போர் அடிக்கணும், பிஸ்டன் மாத்தணும்' என்பார்கள். சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போர் அடிப்பது. நம்ப வேண்டாம். பதினெட்டு வருடத்தில் கிராங்கின் ஆயில் சீல் காய்ந்திருக்கும், இடது பக்க கேஸிலிருந்து ஆயிலை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கேஸில் ஆயில் குறைகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். சீல் விலை எங்கே, போர் அடிக்கிற விலை எங்கே.

இவ்வளவுதான். வண்டி ஓடும். ஆறு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் பெயிண்ட் அடிக்கத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள், மறுபடியும் திட்டுகிறேன்.

ஏனென்றால் நான் அடித்திருக்கிறேன். 2004-ல், கையில் கொஞ்சம் பணம் வந்த திமிரில், உங்களைப் போலவே 'பேக்டரியிலிருந்து வந்த அன்று' என்று சொல்லிக்கொண்டு. எல்லாவற்றையும் பிரித்துப் பெயிண்டரிடம் கொடுத்தேன். மணல் அடித்து, பட்டி பார்த்து, மூன்று கோட் அடித்துக் கண்ணாடி மாதிரி கொடுத்தார். அவர் வேலையில் குறையில்லை. ஜாவாவில் சீட்டுக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு பெட்டி உண்டல்லவா, இடது பெட்டியின் மூடியை மாட்டும்போதுதான் கவனித்தேன். மூடியின் உட்புறம் வழுவழுவென்று மெரூனாக இருந்தது. அங்கே அப்பா ஆணியால் கீறி வைத்திருந்த கணக்கு இருந்தது. எப்போது போர் அடித்தது, பிஸ்டன் எத்தனை பாயிண்ட் ஓவர்சைஸ், எந்த மாதம் செயின் மாற்றியது. வாத்தியார் கையெழுத்து, தகரத்திலும் கோடு போட்ட நோட்டில் எழுதியது மாதிரி நேராக இருக்கும். கடைசி வரி அவர் ரிட்டயர் ஆன மாதம். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. வாசித்திருக்கிறேன், பலமுறை. ஞாபகமில்லை.

கிக்கர் ரப்பர் தேய்ந்து போனபோது அவர் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். அசிங்கம் என்று அதையும் எடுத்துவிட்டுப் புது ரப்பர் போட்டேன். முதல் மழையில் கால் வழுக்கிக் கிக்கர் திரும்பி வந்து கெண்டைக்காலில் அடித்தது. தழும்பு இருக்கிறது.

'பேக்டரியிலிருந்து வந்த அன்று' என்கிறீர்கள். அன்று அது உங்கள் தாத்தாவின் வண்டியே அல்ல, தம்பி. மைசூரில் 1961 முதல் 1996 வரை வரிசையாக வெளியே வந்த வண்டிகளில் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929-ல் செக் நாட்டு யானெச்செக், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கி, தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் அதன் முதல் இரண்டு எழுத்தையும் ஒட்டி வைத்த பெயர். அவர்கள் வாயில் அது யாவா. நம் ஊரில் ஜாவா ஆயிற்று. பேக்டரி சுத்தம்தான் முக்கியம் என்றால் முதலில் உங்கள் நாக்கில் இருக்கிற ஜாவாவைச் சுரண்டுங்கள், ஹெட்லைட்டை அப்புறம் பார்க்கலாம்.

அந்த மஞ்சள் எழுத்தை உங்கள் தாத்தாவே எழுதினாரா, யாரிடமாவது கொடுத்து எழுதினாரா? நீங்கள் சொல்லவில்லை. 'துணை'யில் ணை பழைய யானைத் தும்பிக்கை போட்ட எழுத்தா, புதுசா? இதையெல்லாம் பார்த்தீர்களா, அல்லது சுரண்டுகிற தகட்டைத்தான் தேடினீர்களா? கடுமையாகப் பேசுகிறேன், தெரிகிறது. உங்களிடம் பேசவில்லை, 2004-ல் இருந்த ஒரு ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குறுக்கே வந்துவிட்டீர்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் கொட்டகைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு பெட்டி மூடிகளின் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், துணி போதும். ஏதாவது கீறியிருந்தால் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.

மெரூன் ஷேடு கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியும். இப்போதைக்குச் சொல்வதாக இல்லை.