கப்பலின் ஏழு இலக்க எண்ணை முதலில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

குளச்சலிலிருந்து நாகர்கோவில் வரை வந்து, மகனுடைய சிடிசி (மாலுமியின் அடையாள, பணிப் பதிவு) புத்தகத்தின் நகலையும் முகவர் அனுப்பிய பணி நியமனக் கடிதத்தையும் என்னிடம் தந்துவிட்டுச் சென்றீர்கள். எண்ணெய்க் கப்பலில் வேலை, முதல் பயணத்துக்குச் சற்றே மிகையான சம்பளம், ஆனால் கப்பலின் பெயரும் ஏறும் துறைமுகமும் “பின்னர் தெரிவிக்கப்படும்” என்றிருக்கிறது. “அமெரிக்கா போட்ட தடை நம்ம பையனை என்ன செய்யும்?” என்ற உங்கள் கேள்விக்கு அன்று நான் அவசரமாகச் சொன்ன பதில் போதாது.

ஐ.நா. பாதுகாப்புச் சபை விதிக்கும் தடைகளை இந்தியா 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியே நடைமுறைப்படுத்துகிறது. அமெரிக்கா தனியாக விதிப்பவை இந்தியச் சட்டம் ஆகா. ‘அமெரிக்கத் தடை இந்தியரைக் கட்டுப்படுத்தாது’ என்று முகவர் சொன்னது அந்த அளவில் சரிதான். ஆனால் இத்தகைய தடைகள் பெரும்பாலும் ஆளை விட்டுவிட்டு, ஆளை ஏற்றிச் செல்லும் கப்பலையும் விமானத்தையுமே பிடிக்கின்றன. கியூபாவுக்குச் சரக்கு வணிகத்துக்காகச் சென்ற கப்பல், அங்கிருந்து புறப்பட்டு 180 நாட்கள் வரை, சிறப்பு அனுமதி இல்லாமல் அமெரிக்கத் துறைமுகங்களில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்கிறது 1992-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். ஈரானின் ஐஆர்ஐஎஸ்எல் கப்பல் நிறுவனம் 2008-லும் மகான் ஏர் விமான நிறுவனம் 2011-லும் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன; அவற்றோடு தொழில் செய்கிற அயலாரும் சிக்கலாம்.

ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு 2022 டிசம்பர் 5 முதல் பீப்பாய்க்கு 60 டாலர் உச்சவரம்பு விதிக்கப்பட்டு, அதற்கு மேல் விற்கப்படும் எண்ணெய்க்கு மேற்கத்திய நிறுவனங்கள் கப்பலோ காப்பீடோ தரக்கூடாது என்றானபோது, பழைய கப்பல்கள் பல கைமாறி, கொடி மாற்றி, இருப்பிடம் காட்டும் ஏஐஎஸ் கருவியை அணைத்து ஓடத் தொடங்கின. உலகக் கப்பல்களில் கொள்ளளவுக் கணக்கில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் 12 ‘பி அண்ட் ஐ’ சங்கங்களே விபத்து, இழப்பீடு போன்ற பொறுப்புகளுக்குக் காப்பீடு தருகின்றன. அந்த வட்டத்துக்கு வெளியே ஓடும் கப்பலில் விபத்து நேர்ந்தாலோ, முதலாளி கப்பலைக் கைவிட்டாலோ, சம்பளப் பாக்கியை யாரிடம் கேட்பது? 2019 ஜூலையில் ஈரான் எண்ணெயுடன் வந்த ‘கிரேஸ் 1’ கப்பல் ஜிப்ரால்டரில் பிடிபட்டபோது, கைதான கேப்டனும் அதிகாரிகள் மூவரும் இந்தியர்களே. அடுத்த மாதம் வழக்கு கைவிடப்பட்டது உண்மைதான். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஆறு வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஈரானில் மீன்பிடித் தொழில் செய்த நம் பகுதியினரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொரோனா காலத்தில், 2020 ஜூலை 1 அன்று, ‘ஜலாஷ்வா’ கடற்படைக் கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் மீனவர்கள் பலர். பன்னாட்டு வங்கிகள் பணப் பரிமாற்றத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் இணைப்பை ஈரானிய வங்கிகள் பல 2018-இல் இழந்ததால், அங்கே உழைத்த பணத்தை முறையான வங்கி வழியில் ஊருக்கு அனுப்புவதே கடினம். சம்பளத் தொகையைக் கேட்கிறவர்கள் அது எந்த நாட்டு வங்கியிலிருந்து வரும் என்று கேட்பதில்லை.

ஆகவே முகவரிடம் கப்பலின் ஐஎம்ஓ எண்ணை (ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய பன்னாட்டு அடையாள எண்ணை) எழுத்தில் கேளுங்கள். பெயரும் கொடியும் மாறினாலும் அந்த ஏழு இலக்கம் மாறாது. அதைக் கொண்டு, கப்பல் விவரங்களைத் தரும் ஈக்வாசிஸ் இணையதளத்தில் கப்பலின் வயதையும் உரிமையாளரையும், அமெரிக்கக் கருவூலத் துறையின் பட்டியலில் தடை உண்டா என்பதையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். முகவருக்கு, மாலுமிகளை வேலைக்குச் சேர்க்கத் தேவையான ஆர்பிஎஸ்எல் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் சரிபார்க்க வேண்டும். உரிமம் பெற்றவர் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. அவர் கேட்டிருக்கும் ‘சர்வீஸ் சார்ஜ்’ ஒன்றே என்னை யோசிக்க வைக்கிறது.

எண் கிடைத்ததும் மகனையும் அழைத்து வாருங்கள், மூவரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை பணம் எதுவும் கட்ட வேண்டாம். சிடிசியின் அசலையும் அனுப்ப வேண்டாம்.