6.48-ஐ ரெஸ்யூமில் எப்படிப் போடுவது?

மகனுக்கு ஆறாம் செமஸ்டர் வரை சிஜிபிஏ (இதுவரையான எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி, பத்துக்கு) 6.48, ரெஸ்யூமில் போடாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் ஐயா. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு என்றால் விட முடியாது. கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவான பிளேஸ்மெண்ட் செல் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையும் கம்பெனிக்கு முன்பே அனுப்பியிருக்கும். வெளியே அவரே விண்ணப்பிக்கும் சின்ன நிறுவனங்கள் மதிப்பெண் கேட்கவில்லை என்றால் விட்டுவிடலாம், தப்பில்லை.

போடும்போது "சிஜிபிஏ 6.48 / 10, ஆறாம் செமஸ்டர் வரை" என்று ஒரே வரியில் போடச் சொல்லுங்கள். 6.5 என்று ஏற்றிப் போட வேண்டாம். வேலைக்கு எடுத்த பிறகு சான்றிதழ் சரிபார்க்கும்போது இந்த 0.02 வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

பெரிய சிக்கல் சதவீதத்தில்தான். பல கம்பெனிகள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. 6.48-ஐப் பத்தால் பெருக்கினால் 64.8. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) அட்டவணை முறையில் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கினால் 57.3. ஒரு கணக்கில் உள்ளே, இன்னொன்றில் வெளியே! நமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்ளும் விஷயமல்ல இது. அவருடைய பல்கலைக்கழகம் எந்த முறையைச் சொல்கிறதோ அதுதான் செல்லும். பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பத்தாவது. 2021-இல் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் படித்தவர் என்கிறீர்கள். அந்த வருடம் கோவிட்டால் பொதுத்தேர்வே நடக்கவில்லை, சான்றிதழில் தேர்ச்சி என்பதோடு சரி, மதிப்பெண் கிடையாது. ரெஸ்யூமில் "தேர்ச்சி, 2021 (பொதுத்தேர்வு ரத்து)" என்று போட்டால் போதும். ஆன்லைன் படிவம் எண் போடாமல் நகர விடாது என்றால், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையோ உத்தேசமாக ஒரு 80-ஐயோ போட்டுவிட வேண்டாம். பிளேஸ்மெண்ட் அலுவலர் மூலம் கம்பெனியிடமே கேளுங்கள். அந்த பேட்ச் முழுவதற்கும் இதே கதைதான், அவர்களுக்குப் பழகியிருக்கும்.

முதல் வருடத்தில் சறுக்கி இப்போது நன்றாக எழுதுகிறார் என்றும் சொல்லியிருந்தீர்கள். அது தெரியட்டும். மொத்த சிஜிபிஏவுக்குப் பக்கத்திலேயே கடைசி இரண்டு செமஸ்டர் ஜிபிஏவையும் (அந்தந்த செமஸ்டருக்கு மட்டுமான சராசரி) தனித்தனியாகப் போடலாம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டாம். இரண்டு செமஸ்டரின் கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் எடை) வேறுபட்டால் அந்தச் சராசரி தப்பாக வரும். இந்தப் படிப்பு விவரமெல்லாம் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப்புக்குக் கீழே இருந்தால் போதும்.

பழைய அரியர் (தோற்றுப் பிறகு எழுதிய பாடங்கள்) பற்றி ரெஸ்யூமில் எழுதத் தேவையில்லை. படிவத்தில் கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லட்டும். ஏழாம் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ரெஸ்யூமோடு நௌக்ரி, லிங்க்டுஇன் ஆகிய வேலை தேடும் தளங்களில் உள்ள அவர் பக்கங்களிலும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். மூன்று இடத்தில் மூன்று எண் இருந்தால் ஹெச்.ஆர். முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.