முழங்கால் கேள்வி-பதில்: எந்த ஜவ்வு?

ஆட்டுக்கால் சூப் தினமும் குடித்தால் தேய்ந்த குருத்தெலும்பு வளருமா?
— வாசகி, பெரம்பூர்

வளராது. சூப்பில் உள்ள புரதம் வயிற்றிலேயே செரித்துவிடும். முழங்காலைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளாது.

வயது 62. படி இறங்கும்போது வலி தாங்கவில்லை. எக்ஸ்ரேயில் தேய்மானமே இல்லை என்கிறார்கள்.
— வாசகி, தண்டையார்பேட்டை

நின்று எடுத்த படமா, படுத்து எடுத்த படமா என்று நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் அதன் கனத்தை ஊகிக்கிறோம். படுத்திருக்கும்போது மூட்டில் பாரம் இறங்காததால், தேய்ந்த மூட்டிலும் இடைவெளி சரியாக இருப்பதுபோல் தோன்றிவிடும். நின்று எடுங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! படி இறங்கும்போது வலிப்பதால் முழங்கால் சில்லையும் தனியாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சில்லின் பின்புறக் குருத்தெலும்புதான் உடலிலேயே தடித்தது, சுமார் 5 மி.மீ.

வயது 48. முட்டி ஜவ்வு போய்விட்டது என்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். செய்துகொள்ளலாமா?
— வாசகர், காசிமேடு

எந்த ஜவ்வு? மூன்று வெவ்வேறு உறுப்புகளை இந்த ஒரே சொல்லால் அழைப்பதால் நேரும் தீங்கு கொஞ்சமல்ல. மூன்று ஆண்டுகளாக ‘ஜவ்வுத் தேய்மானம்’ என்று நம்பித் தைலம் தேய்த்து வந்த மீனவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கு அறுந்திருந்தது ஏ.சி.எல். என்ற லிகமெண்ட், அதாவது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் கயிறு.

கறிக்கடையில் ஆட்டுத் தொடையை மூட்டோடு பிரிக்கும்போது, எலும்பு முனையில் வெள்ளையாகப் பளபளத்து, விரல் பட்டால் வழுக்கும் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் முதலாவது, மூட்டுக் குருத்தெலும்பு. நமக்கு அது பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மி.மீ. கனம், முக்கால் பங்கு தண்ணீர். அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே தேயத் தொடங்கும்போது வலிப்பதில்லை, தேய்ந்த பின் தானாக ஆறுவதும் இல்லை. அழிந்த குருத்தெலும்பு மீளாது என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-லேயே எழுதினார்.

இரண்டாவது மெனிஸ்கஸ்: தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் பாரத்தைப் பகிர்ந்து தாங்கும் இரண்டு மெத்தைகள். வெளி விளிம்பில் மட்டும் ரத்த ஓட்டம் உண்டு என்பதால் அங்கே கிழிந்தால் தைக்கலாம். உள் விளிம்பில் கிழிந்தால் பெரும்பாலும் கத்தரிக்கத்தான் முடியும், அதுவும் எவ்வளவு குறைவாகவோ அவ்வளவு நல்லது. முழு மெனிஸ்கஸையும் எடுத்த மூட்டுகளில் பிற்பாடு தேய்மானத்தின் அடையாளங்கள் தோன்றுவதை ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948-லேயே எக்ஸ்ரேக்களில் காட்டிவிட்டார்.

மூன்றாவது, அந்த மீனவருக்கு அறுந்ததைப் போன்ற லிகமெண்ட்.

உங்களுக்குப் போனது குருத்தெலும்பு என்றால், துளையிட்டு மூட்டைக் கழுவிச் சுரண்டும் ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் 180 பேரிடம் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், வெறுமனே தோலைக் கீறித் தைக்கப்பட்டவர்களைவிட இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை. மெனிஸ்கஸ் என்றால், கால் மடங்கியபடி பூட்டிக்கொள்ளாதவரை முதலில் பிசியோதெரபி. தேதிக்கு முன் நின்று எடுத்த எக்ஸ்ரேயோடு போய், எது கிழிந்தது, எது தேய்ந்தது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வயது 24, ஃபுட்பால் ஆடுகிறேன். குருத்தெலும்பில் ஒன்றரை சதுர செ.மீ. குழி. எலும்பில் துளை போட்டால் வளருமாம்.
— வாசகர், வியாசர்பாடி

வளரும், ஆனால் பழையது அல்ல. துளை வழியே மஜ்ஜையிலிருந்து கசியும் ரத்தம் உறைந்து, அதிலிருந்து நார் மிகுந்த வேறு வகைக் குருத்தெலும்பு உருவாகும்; உழைப்பில் அது அசலுக்கு ஈடாகாது. இருப்பினும் இந்த வயதில், 2 சதுர செ.மீ.க்கு உட்பட்ட குழிக்கு இது செய்யத்தக்கதே. அதைவிடப் பெரிதானால், சொந்த செல்லை வளர்த்துப் பதிக்கும் முறை உண்டு. ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்டது. ஆபரேஷனுக்குப் பின் சுமார் ஆறு வாரம் அந்தக் காலில் பாரம் ஏற்றாமல் இருப்பது துளை போடுவதைப்போலவே முக்கியம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
— வாசகர், எண்ணூர்

வயது, வேலை, எந்தக் கால், நின்று எடுத்த எக்ஸ்ரே. இந்த நான்கும் இல்லாமல் பதில் சொல்வது தவறு. மறுபடி எழுதுங்கள்.