நெருப்பில்லாம புகையுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

அட்லாண்டா பக்கத்துல ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்குறேன், இங்க வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ரொம்ப நாளா உங்களை படிக்கிறேன், இப்பதான் எழுதுறேன். அவதூறு வழக்குகளை பத்தி நீங்க எழுதினதுல ஒரு இடம் இடிச்சுது. நம்ம ஊர்ல பத்திரிகை மேல வழக்கு போட்டா கருத்து சுதந்திரம் போச்சுன்னு எழுதுறீங்க. ஓட்டு மெஷின் பத்தி பொய் சொன்னதுக்காக ஃபாக்ஸ் நியூஸ் சேனல் டொமினியன்ங்கற ஓட்டு மெஷின் கம்பெனிக்கு 78 கோடி டாலருக்கு மேல கொடுத்ததை மட்டும் நல்ல காரியம்னு ஒரே வரில சொல்லிட்டு போயிட்டீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லையா? தப்பாவே சொன்னாலும் சொல்ற உரிமை ஒருத்தருக்கு இருக்குல்ல? டிரம்ப் தோத்த 2020 எலெக்ஷன் பத்தி எனக்கு பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனா மோசடி நடந்துச்சுன்னு அத்தனை பேர் சொன்னாங்க, நெருப்பில்லாம புகையுமா? இங்க ஓட்டு எண்ணின ஸ்டேட் ஃபார்ம் அரீனா வீடியோ வந்தப்ப நானே எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்ல போட்டேன், சும்மா எல்லாரும் பாக்கட்டுமேன்னுதான். அப்படியே நம்ம ஊர் ஓட்டு மெஷின் பத்தியும் உங்க கருத்தை சொல்லுங்க. என் பேர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

ரெண்டு வரில பதில் போட்டு முடிச்சிருப்பேன். ஆனா பொங்கலுக்கு வீட்டை ஒழிச்சப்ப பரண்ல இருந்து எங்கம்மாவோட ஒயர் கூடை ஒண்ணு கிடைச்சுது, பச்சையும் வெள்ளையும் கட்டம் போட்டது, ஒரு பக்கம் பிடி அறுந்திருக்கு. தூக்கி போட மனசு வரல, வெச்சுக்க இடமில்ல, சோஃபா பக்கத்துலயே கிடக்கு. அதை பாத்துகிட்டு உக்காந்திருந்தப்பதான் உங்க கடிதம் வந்துச்சு, அதுல 'நெருப்பில்லாம புகையுமா'ங்கற அந்த ரெண்டு வார்த்தையும் இருந்துச்சு. கூடைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு பின்னாடி சொல்றேன்.

ஓட்டு மெஷின் கதை இப்ப வேண்டாம். அதுக்குள்ள போனா நாம ரெண்டு பேருமே வெளிய வர மாட்டோம்.

உங்க கேள்விக்கு வர்றேன். ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. வழக்கு போடுறது யாரு, யார் மேல போடுறாங்கன்னு பாருங்க. 2011-லேர்ந்து 2016 வரைக்கும் தமிழ்நாட்டுல அரசாங்கமே போட்ட அவதூறு வழக்கு இருநூறுக்கு மேல, எல்லாம் கிரிமினல் வழக்கு, அரசு வக்கீலே வந்து நிப்பார், செலவு நம்ம வரிப்பணம், எதிர்ல செய்தி போட்டவங்களும் எதிர்க்கட்சிக்காரங்களும். அதுல ஜெயிக்கணும்னு கூட அவசியம் கிடையாது, வாய்தாவுக்கு அலைய விட்டா போதும். அமெரிக்காவுல இந்த பிரச்சனையை 1964-லயே ஒரு வழி பண்ணிட்டாங்க. அலபாமால மாண்ட்கோமரி நகர கமிஷனர் சல்லிவன்னு ஒருத்தர், மார்ட்டின் லூதர் கிங் வழக்கு செலவுக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸ்ல வந்த விளம்பரத்துல அங்கங்க தகவல் பிழை இருக்குன்னு வழக்கு போட்டார், அவர் பேர் கூட அதுல கிடையாது, ஆனாலும் உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்க சொல்லிடுச்சு. சுப்ரீம் கோர்ட் அதை தூக்கி கடாசிட்டு ஒண்ணு சொல்லுச்சு: பதவில இருக்கறவர் நஷ்ட ஈடு வாங்கணும்னா, எழுதினவன் பொய்னு தெரிஞ்சே எழுதினான், இல்ல பொய்யா மெய்யான்னு கவலையே படாம எழுதினான்னு அவரே நிரூபிக்கணும். இதே அளவுகோல் நம்ம ஊருக்கும் வந்துச்சு, யார் மூலமான்னு தெரியுமா, ஆட்டோ சங்கர். ஜெயில்ல அவர் எழுதின சுயசரிதையை நக்கீரன் வெளியிட கூடாதுன்னு சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் போட, கேஸ் டெல்லி வரைக்கும் போய், 1994-ல நம்ம சுப்ரீம் கோர்ட் சல்லிவன் வழக்கை எடுத்து வெச்சுதான் தீர்ப்பு எழுதுச்சு. அப்புறமும் நம்ம ஊர்ல இருநூறு வழக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க, கிரிமினல் சட்டம் தனியா உக்காந்திருக்கு, 2016-ல அதுவும் செல்லும்னு சொல்லிட்டாங்க.

ஆக அமெரிக்காவுல அந்த வேலி ஆள் உயரத்துக்கு மேல. சாதாரணமா யாரும் தாண்ட முடியாது. டொமினியன் எப்படி தாண்டுச்சுன்னா, ஃபாக்ஸ் ஆளுங்களே ஏணி வெச்சு கொடுத்தாங்க. எல்லாம் அவங்க செல்போன்லயே இருந்துச்சு. டக்கர் கார்ல்சன், சக தொகுப்பாளருக்கு மெசேஜ் போடுறார்: சிட்னி பவல் பொய் சொல்றாங்க, நானே பிடிச்சுட்டேன்னு. எந்த வக்கீலம்மா சேனல்ல உக்காந்து மெஷின்ல ஓட்டை மாத்திட்டாங்கன்னு பேசிகிட்டிருந்தாங்களோ அந்தம்மாவை பத்திதான். அதே சேனலோட ரிப்போர்ட்டர் ஒருத்தர், அந்த மாதிரி எந்த ஆதாரமும் இல்லைன்னு ட்விட்டர்ல உண்மையை எழுதினதுக்கு, அவங்களை வேலைய விட்டு தூக்குங்க, கம்பெனி ஷேர் விலை இறங்குதுன்னு அதே கார்ல்சன் எழுதுறார். எலெக்ஷன் ராத்திரி அரிசோனாவுல பைடன் ஜெயிச்சுட்டார்னு ஃபாக்ஸ் முந்திகிட்டு சொன்னதுல பாக்குற டிரம்ப் ஆதரவாளருங்க கோச்சுகிட்டு நியூஸ்மேக்ஸ்ங்கற போட்டி சேனல் பக்கம் போக ஆரம்பிச்சாங்க, அந்த பயம். வியாபாரத்துல கஸ்டமர் கேக்குற சரக்கை கொடுக்கணும்ல.

2021 மார்ச்ல 160 கோடி டாலர் கேட்டு டெலாவேர்ல போட்ட கேஸ். நீதிபதி எரிக் டேவிஸ், டொமினியன் பத்தி சொன்னதுல எதுவுமே உண்மை இல்லைங்கறது தெள்ளத்தெளிவுன்னு விசாரணைக்கு முன்னாடியே எழுதிட்டார், அந்த தெள்ளத்தெளிவை மட்டும் கொட்டை எழுத்துல. 2023 ஏப்ரல் 18, ஜூரி உக்காந்தாச்சு, வக்கீல் எழுந்து பேச வேண்டியதுதான் பாக்கி, அப்ப முடிச்சாங்க, 78 கோடியே 75 லட்சம் டாலருக்கு. டிவில மன்னிப்பு கேக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. அது எனக்கும் கடுப்புதான். இப்ப சொல்லுங்க, இது தப்பா சொல்ற உரிமையா? தப்பு வேற, பொய் வேற. எனக்கும் தப்பு வருது, மாசம் ஒரு வாசகர் திருத்துறார்.

சரி, என் விஷயத்துக்கு வர்றேன். அத்தனை பேர் சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்த அத்தனை பேர் எங்கேர்ந்து எடுத்தாங்க? வழக்குல வெளிய வந்த ஒரு ஈமெயில் இருக்கு. டொமினியன் மெஷின் சதின்னு ஒரு அம்மா சிட்னி பவலுக்கு எழுதினது, காத்து என்கிட்ட பேசும்னு அதுலயே எழுதியிருக்காங்க, தான் எழுதுறது கிறுக்குத்தனமாத்தான் இருக்குன்னும் அவங்களே சொல்றாங்க பாவம். அது பவல்கிட்டேர்ந்து ஃபாக்ஸ் தொகுப்பாளருக்கு போகுது, மறுநாளே பவல் அந்த நிகழ்ச்சில உக்காந்திருக்காங்க. ஒரு ஈமெயில், அப்புறம் ஒரு சேனல், அப்புறம் பத்து சேனல், அப்புறம் உங்க காலேஜ் குரூப். ஷூட்டிங் பாத்திருக்கீங்களா? ஒரு பையன் கையில புகை சட்டிய தூக்கிகிட்டு லைட்டுக்கு முன்னாடி இங்கயும் அங்கயும் ஓடுவான், ஃப்ரேம்ல பாத்தா ஊரே எரியற மாதிரி இருக்கும். நெருப்பில்லாம புகையுமான்னு கேக்குறீங்க. நல்லா புகையும் தம்பி, அதுக்குன்னு சம்பளத்துக்கு ஆள் இருக்கு.

அந்த பழமொழி மேல எனக்கு இருக்கற கோவத்தை நீங்க வாங்கிக்கணும். ஆதாரம் எங்கன்னு கேட்டா பதில் இல்லாதவங்க எடுக்கற வார்த்தை அது. குற்றம் சாட்டினவன் எதையும் காட்ட வேண்டாம், சாட்டினதே சாட்சி ஆயிடுது. நம்ம ஊர்ல இதை யார் மேல சொல்லுவாங்கன்னு யோசிச்சு பாருங்க, மந்திரி மேலயா? லேட்டா வீட்டுக்கு வர்ற பொண்ணு மேல, புருஷன் செத்தவ மேல, கடைசி பஸ்ல இறங்குற நர்ஸ் மேல. உங்க ஊர்ல, ஆமா உங்க அட்லாண்டாவுலதான், ரூபி ஃப்ரீமன் மேலயும் அவங்க பொண்ணு ஷே மாஸ் மேலயும் சொன்னாங்க.

அந்த வீடியோல நீங்க பாத்தது யாரைன்னு உங்களுக்கு தெரியுமா? ஓட்டு எண்ண தற்காலிகமா வந்த ஒரு அம்மா, தேர்தல் ஆபீஸ்லயே வேலை பாத்த அவங்க பொண்ணு. மேஜைக்கு அடியில இருந்து சூட்கேஸ்ல கள்ள ஓட்டு எடுத்தாங்கன்னு சொன்னாங்களே, அது வழக்கமா ஓட்டுச்சீட்டு போட்டு வெக்கிற பெட்டி. ஹெராயின் பொட்டலம் மாதிரி ரெண்டு பேரும் யூஎஸ்பி கை மாத்தினாங்கன்னு டிரம்ப்போட வக்கீல் ரூடி ஜூலியானி சொன்னது என்னன்னா, இஞ்சி மிட்டாய். அம்மா பொண்ணுக்கு கொடுத்த இஞ்சி மிட்டாய். ஜார்ஜியால 50 லட்சம் ஓட்டை கையால திரும்ப எண்ணினாங்க, அப்புறம் மறுபடி மெஷின்ல போட்டு எண்ணினாங்க, கடைசில 11,779 வித்தியாசத்துல பைடன்தான். இவங்க மேல தப்பே இல்லைன்னு மாநில தேர்தல் போர்டு விசாரணையை மூடினது 2023 ஜூன்ல. அதுக்குள்ள அப்ப நாட்டோட ஜனாதிபதியா இருந்த டிரம்ப் ஒரே ஃபோன் கால்ல ரூபியம்மா பேரை 18 தடவை சொல்லி முடிச்சாச்சு. ஷேவோட பாட்டி வீட்டுக்குள்ள நாங்களே கைது பண்றோம்னு ஆளுங்க பூந்தாங்க. வீட்டை விட்டு போயிடுங்கன்னு எஃப்பிஐ சொல்லி ரெண்டு மாசம் அந்தம்மா வெளிய தங்கினாங்க.

'லேடி ரூபி'ன்னு தன் பேர் போட்ட சட்டை அவங்ககிட்ட எல்லா கலர்லயும் இருந்துச்சாம். இப்ப போடுறதில்ல. மளிகை கடையில தெரிஞ்சவங்க யாராவது பேர் சொல்லி கூப்பிட்டா நெஞ்சு படபடங்குதுன்னு 2022-ல நாடாளுமன்ற கமிட்டி முன்னாடி சொன்னாங்க. ஜூலியானி அவங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கணும்னு 2023 டிசம்பர்ல வாஷிங்டன் ஜூரி சொல்லுச்சு, அந்த வாரமே கோர்ட் வாசல்ல நின்னு, நான் சொன்னது எல்லாம் உண்மைன்னார் மனுஷன், அப்புறம் திவால்னு போனார், 2025 ஜனவரில ஏதோ பேசி முடிச்சாங்க, தொகைய சொல்லல. தீர்ப்பு வந்த அன்னிக்கு, காசு என் எல்லா பிரச்சனையையும் தீர்த்துடாதுன்னாங்க அந்தம்மா. என் வீடு இல்ல, அக்கம்பக்கம் இல்ல, என் பேர் இல்லன்னு ஏக்கமா இருக்குன்னாங்க.

இப்ப கூடை. 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தல், நான் ஏழாவது படிக்கிறேன். எங்கம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர், பக்கத்து யூனியன்ல ஒரு ஊருக்கு எலெக்ஷன் டியூட்டி போட்டிருந்தாங்க, விரல்ல மை வெக்கிற வேலை. சாயங்காலம் பெட்டிய மூடி அரக்கு வெச்சு சீல் பண்ணப்ப மெழுகுவத்திய பிடிச்சிருந்தது அம்மாதான், ஒரு சொட்டு கட்டைவிரல் மேல விழுந்து பொத்துடுச்சு, அந்த தழும்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு. பெட்டிய ஏத்திட்டு போற லாரி ராத்திரி ஒண்ணரைக்குதான் வந்துச்சாம். அதுல ஏறுறப்ப கையில இந்த கூடை. உள்ள டிபன் டப்பா, துண்டு, மாத்து ஜாக்கெட், ஒரு அமிர்தாஞ்சன்.

டீச்சர் கூடையில ஓட்டுச்சீட்டுக் கட்டை வெச்சு எடுத்துட்டு போச்சுன்னு தோத்தவங்க பக்கத்து ஆள் யாரோ ஒருத்தர் டீக்கடையில சொல்லியிருக்கார். அவ்வளவுதான். புகார் இல்ல, விசாரணை இல்ல, மெமோ கூட இல்ல. இருந்திருந்தா பதில் எழுதி கொடுத்திருப்பாங்க. யார்கிட்ட போய் கூடைய தொறந்து காட்டுறது? ரேஷன் கடை வரிசையில ரெண்டு பேர் பேச்சை நிறுத்துவாங்க, அதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அந்த வருஷமே டிரான்ஸ்பர் கேட்டு வாங்கிகிட்டு நாங்க ஊர் மாறினோம். அதுக்கப்புறமும் அஞ்சாறு எலெக்ஷன் டியூட்டிக்கு போனாங்க, எல்லாத்துக்கும் உள்ள இருக்கறது வெளிய தெரியிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பைலதான் சாமான் கொண்டு போவாங்க. மாத்து ஜாக்கெட் ஊருக்கே தெரியும். அம்மா ஏன் இப்படின்னு அப்பல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும்.

இதை ஏன் பழமொழியோட சேக்குறேன்னா, ஊர் மாறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து நான் அம்மாகிட்ட அதையே கேட்டேன். நெருப்பில்லாம எப்படிம்மா புகையும்? அரிசி களைஞ்சுகிட்டிருந்தாங்க. கை நின்னுச்சு. என்னை திரும்பி பாக்கல. அப்புறம் மறுபடி களைஞ்சாங்க. அவங்க போய் ஒன்பது வருஷம் ஆகுது, அதுக்கு பதில் சொல்லவே இல்ல.

அதனால உங்க மேல கத்துறதுல பாதி என் மேல கத்துறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கெட்டவர்னு நான் நினைக்கல, கேள்வி கேட்டு எழுதியிருக்கீங்க, அதுவே பெருசு. ஆனா அந்த "சும்மா பாக்கட்டுமேன்னுதான்" இருக்கே, அதை என்னால விட முடியல. டீக்கடை ஆளும் சும்மாதான் சொல்லியிருப்பார். 2020 டிசம்பர்ல போட்ட வீடியோ, இனிமே எல்லாருக்கும் டெலிட் பண்ண வாட்ஸப் விடாது. குரூப்ல மேல போய் தேடி எடுத்து, அதுக்கே ரிப்ளை போட்டு, இது பொய், இதுல இருக்கறவங்க எந்த தப்பும் பண்ணலன்னு எழுதுங்க. யாராவது சிரிச்ச முகம் போடுவாங்க, போடட்டும். எழுதிட்டேன்னு எனக்கு ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அக்கா