நிகோட்டின் கணையத்தைக் கெடுக்கும் என்று எலிகளில் செய்த ஆய்வுகள் சொல்வதை நம்பலாமா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். எலிக்கு நிகோட்டின் கொடுத்துப் பார்த்த முடிவுகள் மனிதக் கணையத்துக்குப் பொருந்துமா? சிகரெட்டை விட்டு நிகோட்டின் சூயிங்கத்துக்கு மாறியிருக்கும் தான் பயப்பட வேண்டுமா? மருந்தியல் ஆய்வகம் ஒன்றில் எலிகளோடும் கணையத் துண்டுகளோடும் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

புகைப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணைய அழற்சியும் அவர்களுக்கு அதிகம் வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எலி தேவைப்படவில்லை, மனிதர்களைக் கணக்கெடுத்தே தெரிந்துவிட்டது. சிக்கல் அடுத்த கேள்வியில்தான். புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கின்றன, புகைப்பவர்களில் பலர் குடிக்கவும் செய்கிறார்கள். இதில் நிகோட்டினின் பங்கு எவ்வளவு என்று மனிதர்களிடம் பிரித்துப் பார்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். எலிக்கு வெறும் நிகோட்டினை மட்டும் கொடுக்கலாம், பிறகு கணையத்தையே எடுத்து நுண்ணோக்கியில் வைக்கலாம். மனிதக் கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, சீண்டினாலே வீங்கக்கூடியது. ஆராய்ச்சிக்காக அதில் ஒரு துண்டு வெட்டித் தர அநேகமாக யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

சரி, இந்த ஆய்வுகளில் ஒன்றை எடுத்தால் நான் முதலில் படிப்பது முடிவுரையை அல்ல, நிகோட்டினை எப்படிக் கொடுத்தார்கள் என்ற பகுதியைத்தான். மனித ரத்தத்தில் நிகோட்டினின் அளவு பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். எலிக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். சுண்டெலிக்கு ஆறேழு நிமிடம்தான்! ஒரு நாளைக்கு ஒரே ஊசி போட்டால், சுண்டெலியின் கணையம் ஒரு குறுகிய அதிர்ச்சியைச் சந்தித்துவிட்டு மீதி நாள் முழுவதும் நிகோட்டினே இல்லாமல் இருக்கும். நாள் முழுக்க விட்டுவிட்டுப் புகைப்பவரின் நிலை அது அல்ல. அதனால்தான் உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை மட்டும் பார்த்து, இது மனிதனுக்கு இவ்வளவு சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்குப் போடுவது பெரும்பாலும் அபத்தம். வழக்கமாகப் புகைப்பவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 முதல் 50 நானோகிராம் நிகோட்டின் இருக்கும். விலங்கின் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று அளந்து சொல்லியிருந்தால் அந்த ஆய்வை நான் கூடுதலாக மதிப்பேன்.

தோலுக்கடியில் சின்ன பம்ப் வைத்து இடைவிடாமல் செலுத்தினால் அளவு சீராக இருக்கும், ஆனால் புகைப்பவருக்கு வரும் ஏற்ற இறக்கம் அதில் கிடையாது. குடிநீரில் கலப்பது மலிவு, விலங்குக்கும் துன்பம் குறைவு. ஆனால் நிகோட்டின் கசக்கும். சாக்கரின் போட்டு இனிப்பாக்கினாலும் எலி குறைவாகத்தான் குடிக்கும், அதோடு சாப்பாடும் குறையும். கணையம் தீனியைப் பொறுத்துத் தன் வேலையை மாற்றிக்கொள்ளும் உறுப்பு. பட்டினி கிடந்த எலியின் கணையத்தில் நொதி குறைந்திருந்தால் குற்றவாளி நிகோட்டினா, பட்டினியா? நிகோட்டின் கொடுக்காத ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே குறைந்த அளவு தீனி வைத்தார்களா என்று பாருங்கள். இதைச் செய்யாத ஆய்வை நான் பாதிதான் நம்புவேன். இன்னொரு குழப்பம்: ஆய்வகங்கள் வாங்கும் நிகோட்டின் டார்ட்ரேட் உப்பில் மூன்றில் ஒரு பங்குதான் நிகோட்டின். எழுதியிருக்கும் அளவு உப்பின் எடையா, நிகோட்டினின் எடையா என்று சொல்லாத கட்டுரைகளும் உண்டு.

திசுவைப் பார்ப்பதிலும் வில்லங்கம் இருக்கிறது. கணையம் முழுக்கச் செரிமான நொதிகள், இறந்த உடலில் அது தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். எடுத்தவுடன், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடாவிட்டால், தெரிவது நிகோட்டின் செய்த சேதமா தாமதம் செய்த சேதமா என்று சண்டை போட வேண்டியதுதான்.

இவ்வளவையும் தாண்டி என்ன தெரிந்திருக்கிறது? நிகோட்டின் கொடுத்த எலிகளில் நொதி சுரக்கும் செல்கள் வீங்கி, உள்ளே குமிழ்கள் தோன்றியதையும், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதி வெளியேறுவது குறைந்ததையும் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகக் குழு பல வருடங்கள் ஆராய்ந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கருவுற்ற எலிகளுக்கு நிகோட்டின் கொடுத்தபோது, குட்டிகளின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அதிகமாக இறந்தன, குட்டிகள் வளர்ந்தபின் சர்க்கரைக் கட்டுப்பாடும் தடுமாறியது. 2014-இல் வந்த ஒரு சுண்டெலி ஆய்வு, கே-ராஸ் என்ற மரபணுவில் மாற்றம் ஏற்கெனவே இருக்கும் கணையத்தில் புற்றுநோய் தொடங்குவதையும் வளர்வதையும் நிகோட்டின் தூண்டுகிறது என்று காட்டியது. 'ஏற்கெனவே இருக்கும்' என்பதை அடிக்கோடிடுங்கள். அந்த மாற்றத்தை ஆய்வாளர்களே புகுத்தியிருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2019-இல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வு. நிகோட்டின் மூளையின் ஹாபெனுலா என்ற சிறு பகுதியைத் தூண்ட, அங்கிருந்து நரம்பு வழியாகக் கணையத்துக்குச் செய்தி போய் ரத்த சர்க்கரை ஏறுகிறது. தனியாக எடுத்து வளர்க்கும் கணையச் செல்களில் இது ஒருபோதும் தெரிந்திருக்காது. செல்களை வைத்தே எல்லாம் முடித்துவிடலாமே என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆஸ்திரேலிய மரத்தவளையின் தோலில் முதலில் கண்டெடுத்த செருலின் என்ற பொருளை அதிக அளவில் ஊசியாகப் போட்டால் சுண்டெலிக்குக் கணைய அழற்சி வரும் (யார்தான் முதலில் யோசித்தார்களோ!). 2006-இல் அப்படி அழற்சி வரவழைத்த சுண்டெலிகளில், ஆல்பா-7 என்ற நிகோட்டின் ஏற்பியை (செல்லில் நிகோட்டின் வந்து ஒட்டும் இடம்) தூண்டும் மருந்து வீக்கத்தைக் குறைத்தது. கெடுதல் செய்யும் என்கிறோமே, அந்த நிகோட்டின் ஒட்டுவதும் அதே வகை ஏற்பியில்தான். ஆக, நிகோட்டின் கணையத்துக்குக் கெட்டதா என்று ஒரே வரியில் கேட்டால் விலங்கு ஆய்வுகளிடம் ஒரே வரியில் பதில் கிடையாது. எந்த அளவில், எத்தனை நாள், எந்த நிலையிலிருந்த கணையத்தில் என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சூயிங்க விஷயம். நிகோட்டினிலிருந்து உருவாகும் என்.என்.கே. (நைட்ரோசமைன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் வகையைச் சேர்ந்த பொருள்) எலிகளில் கணையக் கட்டிகளையே உண்டாக்கியிருக்கிறது, புகைப்பவர்களின் கணைய நீரிலும் அது இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அது புகையிலையோடு வரும் சரக்கு. சூயிங்கத்தில் இருப்பது பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த நிகோட்டின். அதனால் சிகரெட்டிலிருந்து நீங்கள் மாறியது கணையத்துக்கு லாபமே. ஆனால் வருடக்கணக்கில் மெல்வதை நான் உற்சாகப்படுத்த மாட்டேன். நீண்ட காலம் நிகோட்டின் சூயிங்கம் மென்றவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று 1996-இல் சுவீடனில் பார்த்திருக்கிறார்கள், அது மனிதர்களிடமே செய்த ஆய்வு. பாக்கெட்டில் சொன்ன கால அளவுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப் பாருங்கள். சர்க்கரை நோயோ முன்பு கணைய அழற்சியோ இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்த சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.