காப்பகத்தில் உள்ள உரையாடலை மீண்டும் தொடங்குவது குறித்து

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஓர் ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதுவது என்று 2011-இல் நடந்து, பின்னர் காப்பகத்துக்குச் சென்றுவிட்ட உரையாடலின் கீழே இப்போது உங்கள் சான்றைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காப்பகப் பக்கத்தில் எழுத வேண்டாம். அதை இன்று கவனிப்போர் அநேகமாக இருக்கமாட்டார்கள் என்பதோடு, முடிந்த உரையாடலை முடிந்தபடியே விட்டுவைப்பதுதான் அங்குள்ள வழக்கம்.

மாறாக, கட்டுரையின் நடப்புப் பேச்சுப் பக்கத்தில் புதிய தலைப்பொன்றைத் தொடங்கி, முதல் வரியிலேயே பழைய உரையாடலுக்கு இணைப்புக் கொடுத்து, அன்று எட்டிய முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதன் பிறகு கிடைத்த அரசிதழ் அறிவிப்பையோ கல்வெட்டுப் பதிப்பையோ முன்வையுங்கள். புதிய சான்று எதுவுமின்றி, உடன்பாடில்லை என்பதற்காக மட்டும் பழையதைக் கிளறுவது எனக்கு ஏற்புடையதன்று.

அன்று பங்கேற்றவர்களைப் பயனர் பெயரிட்டு அழைப்பது மரியாதை. ஆனால் அழைப்பைச் சேமிக்கும் அதே தொகுப்பில் நான்கு அலைக்குறிகளால் (~~~~) கையொப்பமிடாவிட்டால் அறிவிப்பு அவர்களுக்குப் போகாது. கையொப்பத்தை மட்டும் பிறகு வந்து சேர்த்தாலும் பயனில்லை (பலரும் தடுக்கி விழும் இடம் இது). அவர்களிற் சிலர் பங்களிப்பதையே நிறுத்தியிருக்கக்கூடும் என்பதால், ஒரு வாரம் பொறுத்தும் மறுமொழி வராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொதுக் கலந்துரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு சிறு குறிப்பு இடுங்கள்.